ஓடையின் இரு கரைக்கும் ஒரே தண்ணீர்: மாரண்டஹள்ளி அருகே ஓர் அமாவாசைக் காலை

சட்டக் கல்லூரியில் பன்னாட்டுச் சட்டம் எடுப்பவன் நான். நாடுகளின் எல்லையைத் தாண்டிக் கிடக்கும் நிலத்தடி நீரை எப்படிப் பங்கிடுவது என்ற பாடம் வருடா வருடம் வரும். நியாயமாகப் பயன்படுத்து, அடுத்தவருக்குப் பெரிய கேடு செய்யாதே, அளவுகளைப் பரிமாறிக்கொள்: சாரம் இவ்வளவுதான். அதில் 'பொதுமக்கள் பங்கேற்பு' என்று ஒரு பகுதி உண்டு. நான் அதை ஐந்து நிமிடத்தில் முடிப்பேன். பிள்ளைகள் தேர்வில் இரண்டு வரியில் முடிப்பார்கள். இந்த வருடம் ஒரு மாணவி எழுந்து, "எங்க ஊருப் பக்கம் இது மாசாமாசம் நடக்குதுங்க சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சிதான் என்னைச் சித்திரை அமாவாசையன்று விடியற்காலையில் தர்மபுரி பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

முதல் நாளே வந்து பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். வாடகை எழுநூறு ரூபாய், மின்விசிறியின் சத்தம் இலவசம். காலை 5.10க்குப் பாலக்கோடு வழியாகப் போகும் பேருந்து. டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். 6.25க்கு மாரண்டஹள்ளி. தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று ஒரு டீ குடித்தேன். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டருக்கு ஆட்டோதான். காத்திருந்து திரும்பக் கூட்டிவர நானூறு ரூபாய்.

எங்கே போகிறேன் என்று கேட்ட ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கெணத்தப் பாக்கவா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க? ஒகேனக்கல் போயிருந்தா மீனாவது சாப்ட்டிருக்கலாம்" என்றார். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை, சாலை அப்படி.

ஊர்ப் பெயர்களை மாற்றி எழுதுகிறேன். ஓடைக்கு இந்தப் பக்கம் கல்லுமேடு, தர்மபுரி மாவட்டம். அந்தப் பக்கம் ஹொசகேரி, கிருஷ்ணகிரி மாவட்டம். அங்கே பாதி வீடுகளில் கன்னடம். மேலே மாவட்டம் இரண்டு, அலுவலகம் இரண்டு. கீழே பாறை இடுக்கில் ஓடும் தண்ணீர் ஒன்று. சில வருடங்களுக்கு முன்பு போட்டி போட்டு ஆழ்துளைக் கிணறு இறக்கி, இரண்டு ஊருமே வறண்டுபோனது. மனு கொடுத்தால், அது அடுத்த மாவட்டத்து விஷயம் என்று பதில் வந்ததாம். அலுத்துப்போய் இவர்களே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

அவர்கள் போட்ட ஏற்பாட்டைக் கேளுங்கள். அமாவாசையன்று இங்கே யாரும் மோட்டார் போடுவதில்லை. அதனால் கிணற்று நீர் அசையாமல் நிற்கும், அளவு சரியாக வரும். அன்று காலை ஏழு மணிக்கு இரண்டு ஊரிலும் மும்மூன்று கிணறுகளை அளக்கிறார்கள். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு, அதன் நுனியில் கவிழ்த்துக் கட்டிய சில்வர் டம்ளர். டம்ளர் தண்ணீரைத் தொட்டால் 'டொப்' என்று சத்தம் வரும். கல்லுமேட்டுக் கிணற்றில் கயிறு பிடிப்பவர் ஹொசகேரிக்காரராகத்தான் இருக்க வேண்டும். அங்கே இவர்கள் பிடிப்பார்கள். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கேட்கலாம், சண்டை போடலாம். என் பாடப் புத்தகத்தில் இருபது பக்கம் எடுத்துக்கொண்ட சங்கதியை ஒரு டம்ளரில் கட்டி இறக்கியிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

நான் போனபோது கல்லுமேட்டில் முனியப்பன் என்பவரின் கிணற்றைச் சுற்றி நாற்பது பேர் இருந்தார்கள். முனியப்பனுக்கு ஐம்பது வயது இருக்கும், தக்காளி போடுகிறவர். முகத்தை உர்ரென்று வைத்திருந்தார். எதிரே ஹொசகேரியிலிருந்து வந்த நாகரத்னாவும் அவர் கணவரும். தை மாதம் இவர்களுடைய போர் வற்றிவிட்டது. புது போர் போட இரண்டு ஊரிடமும் அனுமதி கேட்டிருக்கிறார்கள். ஆனால், போன வருடம் இதே மாதம் இருந்ததைவிட இரண்டு அமாவாசை தொடர்ந்து எந்தக் கிணற்றிலாவது நீர் இறங்கியிருந்தால், அந்த வருடம் யாருக்கும் புது போர் கிடையாது என்பது ஒப்பந்தம். மற்ற கிணறுகளில் குறை ஒன்றும் இல்லை. முனியப்பன் கிணறு மட்டும் பங்குனியில் இரண்டு அடி இறங்கியிருந்தது. இன்றும் இறங்கியிருந்தால் மூன்று பசுவையும் விற்றுவிட்டு ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போவதாகக் கணவன் மனைவி இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

ஹொசகேரிக்காரர் ஒருவர் கயிற்றை இறக்கினார். டொப். கயிற்றைக் கிணற்றுச் சுவர் விளிம்பில் விரலால் பிடித்து முடிச்சுகளை எண்ணினார். நாற்பத்து மூன்று. போன சித்திரையில் நாற்பத்தொன்று. இரண்டு அடி இறக்கம்.

"நான் அப்பவே சொன்னனுங்க" என்றார் முனியப்பன். "உங்க பக்கம் யாரோ திருட்டுத்தனமா மோட்டார் ஓட்றாங்க. என் கெணறு சும்மாவா எறங்கும்?"

நாகரத்னா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் போய் அதில் சாய்ந்து நின்றார். "அண்ணா, போன வருசம் அளக்க வந்தப்ப இந்தச் செவுரு மேல கொடத்த எறக்கி வெச்சனுங்க. என் தொடை ஒசரந்தான் இருந்துச்சு. இப்ப நெஞ்சு வரைக்கும் வருதுங்களே?"

முனியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. மாசி மாதம் கன்றுக்குட்டி எட்டிப் பார்த்து விழப் பார்த்ததால் சுவரை உயர்த்திக் கட்டியிருக்கிறார். மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டதால் புதுசு எது, பழசு எது என்று தெரியவில்லை. அளப்பதோ சுவர் விளிம்பிலிருந்து! ஒருவர் டேப்பை வைத்துப் பார்த்தார். உயர்த்திய பகுதி சரியாக இரண்டு அடி. தண்ணீர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, ஏறியது சுவர்.

நாகரத்னாவின் கணவர் கன்னடத்தில் "நோடு, நோடு" (பாரு, பாரு) என்று சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். கூட்டத்தில் சிரிப்பு. முனியப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"என் கையால நானே கட்னது. ஒரு மாசமா உங்களத் திட்னேன். இது ஏன் மண்டைக்கு எட்டலேன்னு தெரியலீங்க" என்றார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போர் போட்டுக்கம்மா. ஆனா முறை தெரியுமில்ல? இனி ஒரு வருசத்துக்கு என் கெணத்துல கயிறு உன் கைலதான்."

அங்கே அதுதான் வழக்கமாம். யாருடைய புது போரால் நீர் இறங்கக்கூடுமோ, அவரே எதிர்க் கரையில் கயிறு பிடித்து எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். நாகரத்னா தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான், மறைப்பானேன்.

அளவுத் தாள் மட்டும் இரண்டு அலுவலகங்களுக்கும் போயிருந்தால் 'இரண்டு அடி சரிவு' என்று கையெழுத்தாகி, ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போயிருக்கும். சுவரின் உயரம் தாளில் தெரியாது. போன வருடம் அதன்மேல் குடத்தை வைத்த ஒருவர் கூட்டத்தில் நின்று கேள்வி கேட்டதால்தான் தெரிந்தது. இனி நான் பொதுமக்கள் பங்கேற்பை ஐந்து நிமிடத்தில் முடிக்கப் போவதில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: நாள்காட்டியில் அமாவாசை பார்த்துக் கிளம்புங்கள். மாரண்டஹள்ளி ஆட்டோ நிறுத்தத்தில் 'கயிறு போட்டு அளக்கிற ஊரு' என்றால் புரிந்துகொள்கிறார்கள். ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டும், ஒன்பதுக்கெல்லாம் கூட்டம் கலைந்துவிடும். தொப்பியும் குடிநீரும் அவசியம், அங்கே கடை கிடையாது. படம் எடுக்கும் முன் கேளுங்கள். முனியப்பனிடம் சுவரைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள், பாவம்.

ஆடி அமாவாசை முடிந்ததும் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். புது போரில் தண்ணீர் கிடைத்துவிட்டதாம், பசுக்களை விற்கவில்லையாம். அன்று காலை கயிறு பிடிக்க நாகரத்னா வந்திருக்கிறார். இந்த முறை சுவரிலிருந்து அளக்கவில்லை, பாறையில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். நீர் நிஜமாகவே அரை அடி இறங்கியிருந்தது.

"எனக்கு டொப்புங்கற சத்தம் கேக்கவே இல்லீங்க சார், கயிறு அவுங்க கைல. ஒரு முடிச்ச முழுங்கியிருந்தாலும் யாருக்குத் தெரியும்?" என்றார் முனியப்பன். "ஓடைக்கு அந்தாண்ட இருக்கறவங்களுக்கும் கேக்கறாப்புல 'அரை அடி கீழ'ன்னு கத்திச் சொல்லிட்டு, 'நாளையிலருந்து எட்டு நாளு என் மோட்டார நிறுத்திடறேண்ணா'ன்னு அந்தம்மாவே சொல்லிட்டுப் போறாங்க சார்."