மூன்று நாள் கட்டி வைத்த நாய்

அன்ரோனெற் அக்காவைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய நாயைக் கொல்ல வேண்டும் என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். மீன்பிடிச் சங்கத்துக் கிளாக்கர் என்றால் நடுநிலையாக நிற்க வேண்டும் என்பார்கள். நான் கூட்டத்துக்கு நடுவில்தான் நின்றேன், நின்று கத்தினேன்.

அக்கா தலைமன்னாருக்குத் திரும்பி வந்தது இரண்டாயிரத்துப் பத்தில். தொண்ணூறில் தாய் தகப்பனோடு படகேறி இராமேஸ்வரம் போனபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. தாயையும் தகப்பனையும் மண்டபம் முகாமில் அடக்கம் செய்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு தனியாக வந்து இறங்கினார். வளவை அடையாளம் பிடிக்கவே ஒரு கிழமை சென்றது. வீடு இல்லை, கிணறு இருந்தது. மிச்சமெல்லாம் உடைமரப் பற்றை. கிணற்றுக் கட்டோடு ஒரு கறுத்த நாய் படுத்துக் கிடந்தது. மயிர் கொட்டி, தோல் வெடித்து, கிட்டப் போக முடியாத மணம். அக்காவைக் கண்டு அது குரைக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது.

"நான் ஆர் எண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராய் நிரூபிச்சுக்கொண்டு திரிஞ்சனான், தம்பி," என்று அக்கா பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னார். "என்ர காணியிலை என்னை ஆர் எண்டு கேக்காதது இது ஒண்டுதான்."

கறுவல் என்று பெயர் வைத்தார். கருவாட்டு வாடியில் வேலை, தகரக் கொட்டிலில் சீவியம், பிறகு வீட்டுத்திட்டத்தில் இரண்டு அறை. கதைக்க ஆள் இல்லாதவர் நாயோடு கதைப்பதில் புதினம் இல்லை. ஆனால் அக்கா கதைத்ததோடு நிற்கவில்லை. அந்தச் சொறிநாயைச் சுகப்படுத்தியே தீருவது என்று பிடிவாதமாய் நின்றார். நாங்கள் சிரித்தோம். மனிசருக்கே மருந்தெடுக்க மன்னாருக்குப் பஸ் ஏற வேண்டிய ஊரில் நாய்க்கு வைத்தியமா?

பஸ் நாயை ஏற்றாது என்பதால் ஓட்டோ பிடித்து அரச மிருக வைத்தியரிடம் கொண்டு போனார். வைத்தியர் ஒரு இளம் பெண். களிம்பு கொடுத்துவிட்டு, இது சொறிப்பூச்சி இல்லை, தின்னுகிற ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாராம். அக்கா பங்குக் கோயில் கலண்டரை எடுத்துக் குறிக்கத் தொடங்கினார். பேக்கரிப் பாண் கொடுத்தார், காது சிவந்தது. கோழி கொடுத்தார், கால்விரலெல்லாம் நக்கி நக்கிப் புண். திருவிழாவுக்கு அடித்த ஆட்டின் எலும்பும் சவ்வும் கொடுத்தார். முதல் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் கவட்டுக்குள் சிவந்து, அன்று பின்னேரமே அடிவயிறு முழுக்க இரத்தம். கலண்டரில் அந்தச் சதுரத்துக்குச் சிவப்புப் பேனையால் பெரிய சிலுவை போட்டு வைத்தார்.

ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், பச்சைச் சூடை மீன். அவித்துக் கொடுத்தால் முள் தொண்டையில் சிக்கியது, பச்சையாய்க் கொடுத்தால் தலையோடு நொறுக்கி விழுங்கியது. பச்சை மீனில் புழு இருக்கும், ஒரு கிழமையாவது உறைய வைத்துக் கொடுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஊரில் பிரீசர் இருந்தது சங்கத்தில், அதன் பூட்டுத் திறப்பு என்னிடம். அக்கா கேட்ட விதத்தில் மறுக்க முடியாமல் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் கறுவலுக்குக் கறுகறுவென்று மயிர் முளைத்தது.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. பச்சை காட்டிய நாய் பட்டிக்குள் பாயும், இரத்த ருசி கண்டது ஒரு நாள் ஆட்டில் வாய் வைக்கும். நானே அக்காவிடம், "நீங்கள் வளர்க்கிறது நாயில்லை, புலி," என்று சொல்ல வாயெடுத்தேன். நேவிக்காரரின் காவலரண் நூறு மீற்றர் தூரத்தில் இருந்தது. அந்தச் சொல்லை அந்த நாளில் பகிடிக்கும் சத்தமாய்ச் சொல்ல ஏலாது. விழுங்கிவிட்டேன்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று, சோளகக் காற்று அடிக்கிற காலம். ஒரு வியாழக்கிழமை காலையில் சரிபுதீன் நானாவின் சினை ஆடு உடைமரப் பற்றைக்குள் கிழிந்து கிடந்தது. வயிறு திறந்து, ஒரு தொடை இல்லை. நானா அக்காவின் பக்கத்து வளவுக்காரர். தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்களை ஒரேயடியாக விரட்டியபோது போய், புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, இரண்டு குட்டியில் தொடங்கி ஒரு சின்னப் பட்டி வைத்திருந்தார். அந்தச் சினை ஆடுதான் பட்டிக்குத் தலை.

ஒரு மணித்தியாலத்துக்குள் அக்காவின் வளவுப் படலையில் முப்பது பேர். முன்னுக்கு நின்றது சங்கத் தலைவர் வலன்ரைன். கையில் வலைக்கயிறு, நுனியில் சுருக்கும் போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

"பச்சை தின்னுற நாய் ஊரிலை இது ஒண்டுதான். பற்றைப் பக்கம் நேற்று நிண்டதைக் கண்ட ஆளும் இருக்கு. விடு அக்கா, இழுத்துக்கொண்டு போறம்."

"அடிச்சுக் கொல்லுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். அந்த யாரோவில் நானும் இருந்தேன். மீனை உறைய வைத்துக் கொடுத்தவன் நான்தானே, பழி என் பக்கம் திரும்பிவிடும் என்ற பயம். பயந்தவனுக்குத்தான் சத்தம் கூட.

அக்கா உள்ளே போய்க் கலண்டரோடு வந்தார்.

"இது ஆடு திண்டால் மூண்டாம் நாள் வயித்திலை இரத்தம் வரும். இஞ்ச குறிச்சுக் கிடக்கு, பாருங்கோ. கட்டி வையுங்கோ. உங்கட கண்ணுக்கு முன்னாலை, சங்கத்து வேப்பமரத்திலை கட்டி வையுங்கோ. ஞாயிறு காலமை வரைக்கும் வயிறு சுத்தமாய் இருந்தால் இது தின்னேல்லை. சிவந்து கிடந்தால் கயிறை நானே தாறன்."

கூட்டம் சிரித்தது. நாய் சொறிந்தால் குற்றவாளி, சொறியாவிட்டால் சுத்தவாளி, இது எந்தக் கோட்டுச் சட்டம் என்று கேட்டார்கள். சிரிக்காமல் நின்றவர் ஆட்டைப் பறிகொடுத்தவர் மட்டும்தான். நாயிடமிருந்து நாலடி தள்ளி நின்று, தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"எங்களைத் தொண்ணூறிலை கலைக்கேக்க ஒருத்தரும் மூண்டு நாள் பொறுத்துப் பாக்கேல்ல," என்றார் நானா. "கட்டுங்கோ. ஆடு என்ரது. நான் பொறுக்கிறன்."

வலன்ரைன் சுருக்கை அவிழ்த்து அந்தக் கயிற்றாலேயே நாயைக் கட்டினார்.

வியாழக்கிழமை முழுக்கக் கறுவல் நித்திரை கொண்டது. சாப்பாடு பிரீசரில் இருந்த சூடை மட்டும், அதுவும் இரண்டு பேர் பார்க்க. நானா சங்கத்துக் கதிரை ஒன்றைத் தூக்கி நாலடி தள்ளிக் கடல் பக்கமாய்ப் போட்டு அதில் இருந்தார். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டிய மனிதர், கண்ணை மட்டும் அதன் மேலிருந்து எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்து திரும்பவும் இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கறுவல் எழும்பி, பின்னங்காலைத் தூக்கி, காதைப் போட்டுச் சொறிந்தது. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கிளாசோடு ஓடி வந்தார்கள். வலன்ரைனின் கை கயிற்றுக்குப் போய்விட்டது. அக்கா குந்தியிருந்து காதை மடித்து, ஒரு கொழுத்த உண்ணியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து ஒவ்வொருவருக்கும் காட்டினார். கோயிலில் நன்மை அப்பம் கொடுக்கிற குருவானவர்கூட அவ்வளவு பக்குவமாய்க் காட்டமாட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அக்காவின் நெற்றியில் வேர்வை ஓடியதைக் கண்டதும் அது போய்விட்டது. அவருக்கு நாயில் சந்தேகம் இல்லை, எங்களில்தான் பயம் என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிய அக்கா மீன் எடுக்க வந்தார். நான் பிரீசரைத் திறந்து கொடுத்தேன். வேப்பமரத்தடியில் குந்தி, வழக்கம்போல் நாயின் நெஞ்சைத் தடவி, வயிற்றுப் பக்கம் கையை விட்டார். கை அப்படியே நின்றது.

"என்ன அக்கா?"

"ஒண்டுமில்லை."

இடப் பக்கத்துக் காலை மெல்லத் தூக்கிப் பார்த்தார். நான் நின்ற இடத்திலிருந்து வயிறு தெரியவில்லை, அக்காவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தை நான் முன்னரும் கண்டிருக்கிறேன். தங்கள் வளவில் வேறு ஆட்கள் குடியிருப்பதைக் கண்டு நின்ற சனங்களின் முகம் அது.

கூட்டம் கூட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. வேறு ஒரு மனிதரும் இல்லை. முடிச்சு அக்காவின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. இழுத்தால் அவிழும், நாய் பற்றைக்குள் ஓடிவிடும். முகம் கழுவிக்கொண்டு வாறன் என்று நான் சங்கத்துக் கிணற்றடிக்குப் போனேன். அவிழ்க்கிறதென்றால் அவிழ்க்கட்டும் என்று வேண்டுமென்றே கழுத்து, காது, முழங்கை என்று தேய்த்துக்கொண்டு நின்றேன். கட்டுப்பட்ட மிருகத்துக்குச் செய்ய என்னிடம் இருந்த தைரியம் அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது நாய் இருந்தது. அக்காவும் இருந்தார். மீன் தொடாமல் கிடந்தது.

முதற்பூசை முடிந்து சனம் வந்தது. மதில் பக்கமாய், நாயின் முதுகுக்குப் பின்னால் வட்டம் கட்டி நின்றார்கள். கடல் பக்கம் நானாவின் கதிரை, கதிரைக்குப் பின்னால் நான். நானா தொண்டையைச் செருமினார்.

"நான் தொட மாட்டன், புள்ள. நீதான் தூக்கிக் காட்ட வேணும்."

அடிவயிற்றைச் சொறிந்ததை யாரும் காணவில்லை. வலப் பக்கத்துக் காலைத் தூக்கினால் போதும், அந்தப் பக்கம் சுத்தமாய்த்தான் இருந்திருக்கும். கிழவருக்குப் பார்வையும் மட்டு. இந்த உலகத்தில் அக்காவின் கையைத் தவிர அந்த நாய்க்கு எதிராகச் சாட்சி ஒன்றும் இல்லை.

அக்கா குந்தியிருந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, நாயை நானாவின் பக்கம் திருப்பினார். இடப் பக்கத்துக் காலைத் தூக்கினார். முழுதாய்த் தூக்கினார்.

கவட்டுக்குள் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நடுவில் இரண்டு இடத்தில் இரத்தம் பொடித்திருந்தது. நாய் தின்றிருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். நானாவின் கை பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. எழுபது வயது மனிதரின் பிடி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அக்கா நானாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. காலையும் விடவில்லை.

"என்ன நானா?" என்றார் வலன்ரைன், மதில் பக்கத்திலிருந்து.

நானா அந்தச் சிவப்பை ஆற அமரப் பார்த்தார். பிறகு என் கையை விட்டுவிட்டு எழும்பினார்.

"நான் பாத்திட்டன். நாயை அவிழ், புள்ள. இனி இதிலை கதை இல்லை."

ஆட்டுக்காரன் சொன்ன பிறகு ஊருக்கு என்ன வேலை? சுத்தமாம் என்று பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். வலன்ரைன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மத்தியானத்துக்கு மேல், மிச்ச மீனைக் கொடுக்க நான் அக்காவின் வளவுக்குப் போனேன். கறுவலை அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தார். அது அடிவயிற்றைப் போட்டுச் சொறிகிற சத்தம் வெளியே கேட்டது. வேலிக்கு அங்காலே நானா ஆட்டுக்குத் தின்னக் குழை கட்டிக்கொண்டு நின்றார். அக்கா வேலியடிக்குப் போனார்.

"ஏன் நானா சொல்லேல்ல?"

அவர் குழையைக் கட்டி முடித்தார்.

"ஆட்டைக் கடிச்சது உன்ர நாயோ, வேற நாய் கடிச்சுப் போட்டதை இது போய்த் திண்டதோ, அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். திண்டது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் விட்டனீங்கள்?"

"நீ மற்றக் காலைத் தூக்கியிருந்தால் விட்டிருக்க மாட்டன்," என்றார் நானா. "ரெண்டு பக்கமும் காட்டு எண்டு கேக்கத்தான் நினைச்சுக்கொண்டு வந்தனான்."

அக்கா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கட்டி வை," என்றார் நானா. "இன்னொரு ஆடு போனால் நான் வாயைத் திறப்பன்."