இரண்டே வரியில் காலம் சொன்னவன்

பிளஸ் டூ படித்தபோது எந்தப் பாட்டுக்கும் இரண்டே வரியில் காலம் சொல்லிவிடுவேன். தோழி வந்தால் சங்க காலம். திருவடி வந்தால் பக்தி இலக்கியம். அறிவுரை சொன்னால் நீதி நூல். வரிகள் கோணல்மாணலாக நின்று யாரையாவது திட்டினால் புதுக்கவிதை. இதை அட்டவணையாக்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வகுப்புக்கே ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்திருந்தேன். சிதம்பரத்தில் நாங்கள் படித்த பள்ளியில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். நான் முழுதாக நம்பினேன்.

அரையாண்டுத் தேர்வில் நயம் பாராட்டும் கேள்விக்கு யார் அதிக மதிப்பெண் வாங்குகிறாரோ, அவரைக் கடலூரில் நடக்கும் பேச்சுப் போட்டிக்கு அனுப்புவதாகத் தமிழய்யா சொன்னார். அன்று மாலையே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நான்தான் போகப்போகிறேன் என்று. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மறுநாள் புவனகிரிப் பக்கம் களையெடுத்த அத்தனை பேருக்கும் அம்மா சொல்லிவிட்டாள்.

தேர்வில் நூல் பெயர் இல்லாமல் ஒரு பாட்டு. எந்தக் காலத்தது என்று காரணம் காட்டி நயம் எழுத வேண்டும். முதல் வரியில் தோழி. இரண்டாம் வரியில் பொருள் தேடிப் போன கணவன். எனக்கு அது போதும். பாலைத் திணை, பிரிவுத் துயர், தலைவியின் பொறுமை என்று மூன்று பக்கம் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று அய்யா என்னை எழுப்பினார்.

"ஆறாவது வரியப் படி."

படித்தேன். அந்தப் பெண் கைபேசிக்குச் சார்ஜ் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"சங்க காலத்துல டவர் எங்கடா இருந்துது? புவனகிரியிலயே ஒழுங்கா எடுக்கறதில்ல!"

வகுப்பு சிரித்தது. என் ஜெராக்ஸை நம்பியவர்கள் மட்டும் முறைத்தார்கள்.

அதிக மதிப்பெண் வாங்கியவன் என் பக்கத்தில் உட்காரும் லால்பேட்டை நண்பன்.

"எப்படிடா கண்டுபுடிச்ச?" என்றேன்.

"என்னாத்த கண்டுபுடிக்கிறது மச்சான்? எங்கத்தா குவைத்துல இருக்காரு. அம்மா தெனம் போன வச்சிக்கிட்டு இப்படித்தான் ஒக்காந்திருக்கும். கடைசி வரைக்கும் படிச்சேன், அழுவ வந்துது, எழுதிட்டேன்."

காரணம் காட்டச் சொன்ன இடத்தில் அவன் அதையேதான் எழுதியிருந்தான். அடிக்கோடுகூடப் போடவில்லை.

அம்மாவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. அதற்குள் அவள் என் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக் கொடியில் காயவைத்திருந்தாள்.

"நான் கடலூர் போவலம்மா."

"ஏன், என்னா தப்பு பண்ண?"

"பாட்ட முழுசாப் படிக்காம எழுதிட்டேன்."

அம்மா சட்டையை எடுத்து ஓங்கி ஒரு உதறு உதறினாள்.

"படிக்கத்தானடா உன்ன அனுப்புனேன்?"