வேலாத்தாள் வளர்க்கும் தீனி

தகர டின்னின் வாயில் கட்டிய பனியன் துணியைக் கழற்றும் முன்பு, வேலாத்தாள் அதன் வயிற்றில் விரலால் மெல்லத் தட்டுகிறாள். காய்ந்த சருகு புரள்வதுபோல உள்ளே ஒரு சத்தம் எழுந்து அடங்குகிறது. "வாரேன்னு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுத்தான் கைய உடோணுமுங்க. நம்ம ஊட்டுக்குள்ள ஒருத்தரு திடீர்னு கைய உட்டா நமக்குத் திக்குனு இருக்காதுங்களா?" என்கிறாள். பிறகு நூல் சுற்றித் தீர்ந்த அட்டைக் கூம்பு ஒன்றை உள்ளிருந்து எடுத்து, உள்ளங்கையில் ஒரு தட்டு. கொழுத்த கரப்பான் ஒன்று விழுகிறது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதன் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். அறுந்த நூலின் நுனியைப் பிடிக்கிற அதே பிடி.

பகலெல்லாம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கோனில் நூல் சுற்றுவது அவள் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும். நெடுநெடுவென்று உயரம், நாற்பதைத் தாண்டிய வயது. வீட்டுக்காரர் அங்கமுத்து ப்ளீச்சிங் பட்டறையில் துணி அலசுகிறவர். மருந்துத் தண்ணீரில் கை வெளுத்து வெடித்திருக்கும். பேச்சை எண்ணித்தான் செலவழிப்பார். ஒரே மகளைச் சோமனூருக்குக் கட்டிக் கொடுத்த பிறகு, அந்த லைன் வீட்டில் சமையல் பாத்திரத்தின் சத்தம்தான் பேச்சு.

கரப்பான் அவர்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பல்லியால். எண்பத்தொன்பதில் கம்பெனி முதலாளி திருமூர்த்தி, பழைய நிட்டிங் மெஷின் ஒன்றைச் சிங்கப்பூர் வழியாக வரவழைத்தார். மரப்பெட்டியைப் பிளந்தபோது வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது. முழங்கையளவு நீளம். சாம்பல் நீல உடம்பு முழுக்க செங்கல் நிறப் பொட்டுகள். வாயைத் திறந்து குலைக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. "வெசப்பல்லிடா, அடிங்கடா!" என்று ஆளாளுக்குக் கட்டையை எடுத்தார்கள். "அம்மிணி, தள்ளி நில்லு!" என்று திருமூர்த்தி கத்தினார்.

வேலாத்தாள் தள்ளி நிற்கவில்லை. கட்டிங் வேஸ்ட் துணியை ஒரு அள்ளு அள்ளி அதன்மேல் போட்டாள். "இத்தன தூரம் கடல் தாண்டி வந்தது நம்ம வாசல்ல வந்து அடிபட்டுச் சாகோணுமாங்க?" என்று கேட்டுக்கொண்டே துணியோடு சேர்த்துத் தூக்கினாள். அது அவள் கட்டைவிரலைக் கவ்வியது. கவ்வியதை விடவில்லை. கையைத் துணியால் மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் நடந்தே வந்தாள்.

"என்ன கையில?" என்றார் அங்கமுத்து.

"பல்லிங்க."

"உடச் சொல்லு."

"சொன்னாக் கேக்க மாட்டீங்குதுங்க."

அவர் எழுந்து போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே அமுக்கினார். மூச்சு முட்டியதும் பல்லி வாயைத் திறந்தது. பேச்சு அவ்வளவுதான். அன்று முதல் அது அந்த வீட்டுச் சுவரில் குடியேறிவிட்டது. இருட்டியதும் 'டொக்... கேய், டொக்... கேய்' என்று கூப்பிடும் என்பதால் டொக்கையன் என்று பெயர் வைத்தாள். பக்கத்து வீட்டு மயிலாளுக்கு அந்தச் சத்தம் பெரிய தலைவலி. "சாதாப் பல்லி சொன்னா எந்தத் திசைன்னு பாத்துப் பலன் சொல்லலாம். இது எட்டுத் திசைக்கும் சேத்துச் சொல்லுதே, நான் எந்தப் பலனைப் பாக்கறது?" என்று அலுத்துக்கொள்வாள்.

சோற்றையும் பாலையும் டொக்கையன் திரும்பியும் பார்க்கவில்லை. செத்த பூச்சியைப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாக்கடை மூடியடியில் வேலாத்தாள் பிடித்த கரப்பான் ஒன்று சுவரில் ஓடியபோதுதான் பாய்ந்து பிடித்தது. அன்றிலிருந்து தெருத் தெருவாகக் கரப்பான் வேட்டை. சில மாதம் அப்படியே போயிற்று. ஒருநாள் மாலை வந்து பார்த்தால் டொக்கையன் சுவரிலிருந்து விழுந்து, கால் நான்கும் விறைக்கத் தரையில் கிடந்தது. முதல்நாள் பிடித்துப் போட்டது மருந்தடித்த வீட்டுக் கரப்பான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பஞ்சை நனைத்து நனைத்து அதன் வாயோரம் சொட்டினாள். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. முந்தானையில் பொதிந்து மடியிலேயே வைத்திருந்தாள். உச்சி வெயில் இறங்கும் நேரத்தில் அதன் தொண்டை துடித்தது. கொஞ்சம் தெம்பு வந்ததும் மறுபடி அவள் விரலைக் கடித்தது. "கடிச்சுதுங்க, கடிச்சுது!" என்று அங்கமுத்துவிடம் ஓடிக் காட்டினாளாம். அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்குப் பிறகு வெளித்தீனியே கிடையாது. பின்பக்கத் தாழ்வாரத்தில் எண்ணெய் டின்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கரப்பான் ஏறி வந்தால் வழுக்கி விழட்டும் என்று வாயோரத்தில் விளக்கெண்ணெய்ப் பூச்சு. ஒண்டிக்கொள்ள உள்ளே கம்பெனியில் வீசியெறியும் அட்டைக் கூம்புகள். தின்னத் தவிடும் வாழைப்பழத் தோலும். குடிக்க ஈரப் பஞ்சு. மூடிக்குப் பதிலாகப் பனியன் துணி, அதை இறுக்க ஜட்டி எலாஸ்டிக். புளியங்கொட்டை நிறத்தில் முட்டைக்கூடு தெரிந்தால் அதைத் தனி டின்னுக்கு மாற்றுவாள். தோல் உரித்த குஞ்சு கொஞ்ச நேரம் பால் வெள்ளையாக இருக்கும். அந்த நேரத்தில் யாரையும் டின்னைத் தொட விடமாட்டாள். "அப்பத்தான் குளிச்சுப்போட்டு நிக்குதுங்க, பாக்கப்படாது" என்பாள். பல்லிக்குப் பெயர் வைத்தவள் இவற்றில் ஒன்றுக்கும் வைக்கவில்லை. "பேரு வெச்சாப் பொறவு எடுத்துப் போடக் கை வராதுங்க."

இருபது வருஷம் விளக்குமாற்றால் கரப்பானை அடித்தவள்தான் அவளும். இப்போது ஒன்று மல்லாந்து தத்தளித்தால் கூம்பின் நுனியால் புரட்டி விடுகிறாள். தீனிக்கு வளர்க்கிறவள் அதன்மேல் இரக்கப்படுவானேன் என்று கேட்டால், "திங்கப்போறது வரைக்குமாச்சும் நல்லா இருக்கட்டுமுங்க" என்பதுதான் பதில்.

இந்தச் சேதி கம்பெனியில் எப்படியோ கசிந்து, காசிமாயன் என்பவர் கம்பெனி வாசலில் வந்து காத்திருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் உதவியாளர். "பெருசு பெருசா வச்சிருக்கீகளாமே. பிள்ளைக பரீட்சைக்கு அறுத்துப் பாக்கணும்த்தா. மாசாமாசம் வாங்கிக்கிருவோம்" என்றார். அப்போது அங்கமுத்து கைப்புண்ணால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த சமயம். வேலாத்தாள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"அறுத்த பொறவு என்னங்க பண்ணுவீங்க?"

"குப்பையிலதான்."

"ஒண்ணு திங்கறதுக்குன்னாத் தாரனுங்க. வீசறதுக்குத் தர மாட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

காசிமாயன் தப்பாக நினைக்கவில்லை. "சரித்தா, ஒன் மனசு" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அவள் அந்த மாதம் முழுக்க ஓவர்டைம் பார்த்தாள்.

ஆனால் டின்களில் என்ன இருக்கிறது என்று லைன் வீடுகளில் யாருக்கும் தெரியாது. அரப்புத்தூள் என்று மயிலாள் தானாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று மூன்றின் கோடையில் ஒருநாள், தலைக்குத் தேய்க்க ஒரு பிடி அள்ளலாம் என்று கிண்ணத்தோடு வந்து எலாஸ்டிக்கைக் கழற்றினாள். உள்ளே கண்டதும் அலறி, டின்னை எட்டித் தள்ளிவிட்டாள். அது பக்கத்து டின்களையும் சாய்த்தது. சிறகு முளைத்தவை பறந்தன. முளைக்காதவை எல்லா வீட்டு அடுப்படிக்கும் ஓடின.

வேலாத்தாள் வந்தபோது லைன் முழுக்கத் தெருவில் நின்றது. வீட்டுச் சொந்தக்காரி தெய்வாத்தாள் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இது ஆரோடது?"

"என்றதுங்க. நான்தான் வளத்தறனுங்க."

"வளத்தறயா! கட்டுத்தரையில மாடு வளத்தறதைக் கேட்டிருக்கறேன். சரி, எப்புடித் தெறந்துச்சு?"

மயிலாள் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். கையில் அந்தக் கிண்ணம் இன்னும் இருந்தது. வேலாத்தாள் கிண்ணத்தைப் பார்த்தாள், மயிலாள் முகத்தையும் பார்த்தாள்.

"எலாஸ்டிக் லூசாப் போச்சுங்க. என்ற தப்புத்தானுங்க."

பிறகு ஒரு குடத்தின் வாயில் எண்ணெய் தடவி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மண்டியிட்டு, அடுப்புக்கடியிலும் பானைச் சந்திலும் கைவிட்டு, ஒவ்வொன்றாகப் பிடித்தாள். வசவுக்கெல்லாம் "ஆமாங்க" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அவள் முடித்து வந்ததும் தெய்வாத்தாள் தீர்ப்புச் சொன்னாள்: "ஒண்ணு அந்த டின்னுக போகோணும். இல்லீன்னா நீங்க போகோணும்."

வேலாத்தாள் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அதுவரை கதவோரம் நின்ற அங்கமுத்து முன்னால் வந்தார். "நாங்க போயிக்கறமுங்க" என்றார். தெய்வாத்தாளிடம் அவர் பேசியதே அதுதான் முதல் தடவை.

உள்ளே வந்ததும் அவள் கேட்டாள்: "ஏனுங்க அப்படிச் சொன்னீங்க? உங்களுக்குத்தான் அதுகளைக் கண்டாலே ஆகாதே."

"ஆகாதுதான்." வெடித்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "நம்ம புள்ள போன பொறவு நீ வாயத் தொறந்து பேசுனதே அதுக வந்தப்பறந்தான். இன்னைக்கு இப்படிப் பண்ணுச்சு, அப்படிப் பண்ணுச்சுன்னு. அந்தப் பேச்சு நிக்கப்படாது."

ஊத்துக்குளிச் சாலையோரம் கிணறு வற்றிய ஒரு தோட்டத்தில் மோட்டார் ரூம் ஒன்று சும்மா கிடந்தது. மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டார்கள். அதைக் கூட்டி மெழுகிக் குடிபோனார்கள். டொக்கையனுக்குப் பழைய சுவிட்ச் போர்டின் பின்புறம் பிடித்துப் போயிற்று. எத்தனை சத்தம் போட்டாலும் கேட்க அங்கே ஆளில்லை. வேலாத்தாளுக்குக் கம்பெனி போக பஸ் மட்டும் மாறியது.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் பால்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு சேதி சொன்னார். "மயிலாக்கா சொல்லச் சொன்னாங்க. அவிய ஊட்டு அரிசி டின்னுக்குப் பொறத்தால ஒண்ணு இன்னும் இருக்குதாமுங்க. அடிக்கக் கை வர மாட்டீங்குதாம்."

அன்று ஷிப்ட் முடிந்ததும் வேலாத்தாள் நேரே அங்கே போனாள். மயிலாள் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். வேலாத்தாள் முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தாள். அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவே தோள் வரைக்கும் கையை விட்டாள். டின்னை விரலால் மெல்லத் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, மூடிய வலது கையோடு எழுந்தாள்.

"இருங்கக்கா, காப்பி வெச்சிருக்கறேன்" என்றாள் மயிலாள். டம்ளரை நீட்டிக்கொண்டு, "அன்னைக்கு அந்த டின்ன..." என்று ஆரம்பித்தாள்.

"காப்பி ஆறிப்போயிரும் அம்மிணி."

வேலாத்தாள் இடது கையால் டம்ளரை வாங்கிக்கொண்டாள். "எடக்கையில வாங்கறன், ஒண்ணும் நெனச்சுக்காதே" என்றாள். கதவு நிலையில் சாய்ந்து ஒவ்வொரு மடக்காகக் குடித்தாள். குடிக்கிறபோதே, உள்ளே இருப்பதற்குக் காற்றுப் போகட்டும் என்று, வலது கையின் சுண்டுவிரலை மட்டும் கொஞ்சம் தளர்த்தினாள்.