போர்த் தண்ணீர்

என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கும் பள்ளிக்கூடத்தின் கூரையைப் பற்றி எனக்குத் தெரிந்தது வேறு எந்தத் தாய்க்கும் தெரியாது. அந்தத் தளத்தைப் போட்டபோது சைட் சூப்பர்வைசராக இருந்தவள் நான். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, அரசு வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு காண்ட்ராக்டரிடம் இருந்தேன். என் மகளின் தலைக்கு மேலே ஓடும் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துச் சரி என்று சொன்னதும் நான்தான்.

அது பள்ளிக்கூடமாகக் கட்டிய கட்டடம் இல்லை. கொரோனா சமயத்தில், மாதனூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் படுக்கை போதாமல் ஜனங்கள் வராந்தாவில் கிடந்தார்கள். அப்போது கூடுதல் வார்டாக எழுப்பியது. போர்க்கால அடிப்படையில் முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அரசாங்கக் காகிதத்தில் கால்வாய் தூர் வாருவதும் போர்க்கால அடிப்படைதான், கொசு மருந்து அடிப்பதும் போர்க்கால அடிப்படைதான். அந்த ஒரு முறை மட்டும் அந்தச் சொல் பொய் சொல்லவில்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் போர் என்றால் யாரும் சண்டையை நினைப்பதில்லை. தரையைத் துளைத்து இறக்கிய குழாய்க் கிணறுதான் போர். தோல் பதனிடும் ஷெட்டுகள் நிறைந்த பகுதி என்பதால் பல போர்களில் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வார்டு கட்டிய வளாகத்தில் அப்படி ஒரு பழைய போர் இருந்தது, கக்கூஸ் கழுவுவதற்கு. உப்புத் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பிவிடும். அதனால் கலவைக்கு நல்ல தண்ணீர் டேங்கரில் வந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி நெமிலிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். என் அப்பா வயது இருக்கும், என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊர்த் தண்ணீரின் லட்சணம் அவருக்குத் தெரியாது. டேங்கர் தண்ணீரைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள் என்று நானும் அவரிடம் வாய் திறந்து சொன்னதில்லை. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை.

தளம் போட்ட அன்று ஏதோ ஒரு கையெழுத்துக்காக ஆம்பூரில் ஓர் அலுவலகத்தில் நின்றிருந்தேன். மத்தியானம் மேஸ்திரியிடமிருந்து போன்.

"மேடம், ரெண்டாவது லோடு டேங்கர் வரல. பாதி தளம் போட்டாச்சு. இன்னா பண்ணட்டும்? நிறுத்திடவா?"

பாதியில் நிறுத்தினால் தளத்தில் ஒட்டு விழும், அந்த ஒட்டு என்றைக்கும் ஒழுகும். எனக்குச் சாதாரண நாளிலேயே கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அன்று காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை.

"நிறுத்தாதீங்க மேஸ்திரி. இது போர்..." என்றேன்.

போர்க்கால அடிப்படையில் நடக்கும் வேலை, நான் வேறு டேங்கருக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்ல வந்தேன். லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. டேங்கர்காரருக்கு அடித்தேன், அவர் எடுக்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை விரட்டி வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. தளம் முடிந்திருந்தது. போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அதன் குழாய் மிக்ஸர் பக்கத்து டிரம்முக்குள் கிடந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

"இன்னா மேஸ்திரி இது?"

"போர்த் தண்ணி மேடம். நீங்கதானே போன்ல போர்னு சொன்னீங்க. சித்தாளுங்ககூட இது ஆவாதுன்னு முணுமுணுத்தாங்க. மேடமே சொல்லிட்டாங்க, கம்முனு இருங்கன்னு நான்தான் அதட்டினேன்."

"எதுவரைக்கும் இதுல போட்டீங்க?"

"ரெண்டாவது பீமுக்கு அந்தாண்ட பூராவும். கிழக்குப் பக்கம்."

அவர் முகத்தில் வேலையை முடித்த திருப்தி இருந்தது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

காண்ட்ராக்டரிடம் சொன்னேன். "வார்டுதானேம்மா," என்றார் அவர். "ஆறு மாசம் தாங்கினா போதும். கொரோனா போச்சுன்னா அந்தக் கட்டடத்தை யாரு பாக்கப் போறா? இப்ப இடிக்கச் சொன்னா வராந்தால கெடக்கிறவங்கள எங்க படுக்க வெப்ப?" எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாமல் போனதில் ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பூசினார்கள், வெள்ளை அடித்தார்கள், கட்டில்கள் வந்தன. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கொரோனா போனது. கட்டில்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அதே சமயம் ஊர்ப் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடம் பாதுகாப்பில்லை என்று இடிக்கப்பட்டது. காலியாக நின்ற வார்டைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். சுவரில் கரும்பலகை அடித்தார்கள், குறுக்கே ஒரு தடுப்பு வைத்தார்கள். கக்கூஸ் பக்கம் இருக்கட்டும் என்று சின்னப் பிள்ளைகளைக் கிழக்கே உட்கார வைத்தார்கள்.

நான் அதற்குள் அந்த வேலையை விட்டு ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்திருந்தேன். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் எடுத்துத் தள்ளிவிடுவேன். என்னை வைத்து லைனில் எல்லோருக்கும் பேஜார். மகளைத் தனியார் பள்ளியில் போடலாம் என்று கணவரிடம் சொன்னேன். "நீ கட்டின கட்டடம், அதுலயே படிக்கட்டும்" என்று சிரித்தார். அவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். காலையில் உள்ளே போனதிலிருந்து சாப்பாட்டு மணி வரைக்கும் ஊரில் என்ன நடந்தது என்று தெரியாது. சூப்பர்வைசர் என் பெயரைக் கூப்பிட்டால் கையிலிருக்கும் ஷூவை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். நூல் தீர்ந்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார். மழை நாட்களில் மகளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் நிறுத்தினேன். மற்ற பிள்ளைகள் போனார்கள். அது எனக்குத் தெரியும்.

நாலு வருஷம் கூரை ஒன்றும் காட்டவில்லை. போன ஆனியில் பள்ளியில் தாய்மார்கள் கூட்டத்துக்குப் போனபோது, இரண்டாவது பீமுக்குக் கிழக்கே ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது, தேநீர் சிந்திய கறைபோல. அடுத்த மாதம் அதே இடத்தில் பூச்சு உப்பியிருந்தது. அதற்கடுத்த வாரம் கையகலத் துண்டு ஒன்று, பிள்ளைகள் சத்துணவுக்குப் போயிருந்த நேரத்தில் விழுந்தது. தலைமை ஆசிரியை மனு எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன், ஒன்றும் தெரியாதவள்போல.

பதில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தாய்மார்கள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் உள்ளே ஒன்று, இரண்டு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். "மேற்படி கட்டடத்தின் பழுதுகள் போர்க்கால அடிப்படையில் சரிசெய்யப்படும்."

எல்லோருக்கும் சந்தோஷம். என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பழுப்புக் கோட்டின் மேல் மறுபடி பூசுவார்கள், வெள்ளை அடிப்பார்கள். அப்புறம் அது விழும்வரை யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள்.

"டீச்சர், அது பூச்சுக் கோளாறு இல்ல," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "உள்ள கம்பியே போயிட்டிருக்குது. கிழக்குப் பக்கம் பூரா உப்புத் தண்ணில போட்ட தளம்."

"உனக்கெப்டிம்மா தெரியும்?"

"நான்தான் போட வெச்சேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் புடவையை என்மேல் படாமல் இழுத்துக்கொண்டாள். ஆசிரியை என்னைத் திட்டவில்லை. கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு எழுந்துபோய் மணி அடித்தார்.

பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்தார்கள். என் மகளும் வந்தாள். வாசலைத் தாண்டியவள் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி உள்ளே ஓடினாள். நான் கத்தினேனா என்று நினைவில்லை. ஓடினேன். இரண்டாவது பீமைத் தாண்டியபோது அண்ணாந்து பார்க்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் குனிந்திருந்தவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மரத்தடியில் இறக்கிவிட்டு முதுகில் ஓர் அறை வைத்தேன்.

"எதுக்குடி உள்ள போன?"

அவள் அழுதுகொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"இதுல நல்ல தண்ணி இருக்குதும்மா. இங்க இருக்கிறது போர்த் தண்ணி. அது ஆவாது."