சம்பந்தியோடு கோல்ப்

என் மகளைப் பக்கத்துச் சுரங்கமான சாம்பியன் ரீப்ஸில் கட்டிக்கொடுத்தபோது நான் ஊரிகத்துத் தங்கச் சுரங்க ஸ்டோரில் கிளார்க். மாப்பிள்ளையின் அப்பா அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கருப்புக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக அவர் நடந்து வந்தால், டாக்டரே வருகிறார் என்று நோயாளிகள் எழுந்து நிற்பார்கள். கல்யாணத்தன்று அவருக்குப் போட்ட மாலை, அவருடைய அண்ணனுக்குப் போட்டதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்துவிட்டது. பூக்காரர் கட்டிக்கொடுத்ததை வாங்கி வந்தேனே தவிர, நான் முழம் போட்டுப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருக்கிறார். பந்தியில் பாதியில் எழுந்துபோனவர், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் மட்டும் இறங்கிப் போவேனா? நானும் பேசவில்லை.

அந்த வருஷம்தான் ஒரு இஞ்சினியர் துரை வேலையை விட்டுச் சீமைக்குக் கிளம்பினார். தன் சாமான்களையெல்லாம் ஸ்டோர் வாசலில் குவித்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். நாற்காலி, கண்ணாடி விளக்கு, குளிக்கிற தொட்டி எல்லாம் நான் வாய் திறப்பதற்குள் போய்விட்டன. மிஞ்சியது ஒரு தோல் பை. அதில் கோல்ப் மட்டைகள் சிலவும், மரப்பாலில் செய்த கெட்டியான வெள்ளைப் பந்துகளும் இருந்தன. தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"இன்னாங்க இது? துணி தொவைக்கவா, நாய் விரட்டவா?" என்றாள் மனைவி.

"கோல்ப் ஆடறதுக்கு."

"யாரு?"

"நான்தான்."

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள்.

துரைமார்கள் ஆடுவதை எத்தனையோ முறை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். பந்தை அடிக்க வேண்டும், பின்னாலேயே நடக்க வேண்டும், கடைசியில் குழிக்குள் தள்ள வேண்டும். யார் குறைவாக அடித்தாரோ அவர் ஜெயித்தார். இதற்குப் போய்த் துரைமார் அவ்வளவு கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊரிகத்துக்கும் சாம்பியன் ரீப்ஸுக்கும் நடுவே இருந்த பொட்டல்வெளிக்கு மட்டையோடு போனேன். கட்டிப்பால் டப்பா ஒன்றை மண்ணில் புதைத்துக் குழியாக்கினேன். முதல் வீச்சு காற்றில் போனது. அடுத்தது மண்ணில். அதற்கடுத்து என் கணுக்காலில். வேட்டி மட்டையில் சுற்றிக்கொண்டு என்னை ஒரு சுற்றுச் சுற்றியது. வெயில் ஏறி, போகலாம் என்று நினைத்தபோது, எப்படியோ ஒரு அடி சரியாக விழுந்தது. 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம். கைக்கு வலியே தெரியவில்லை. பந்து அரவை மில்லின் புகைபோக்கிக்கு நேராக எழும்பிப் போய்க்கொண்டே இருந்தது. நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். அந்தச் சத்தத்தை மறுபடி கேட்பதற்காகவே அடுத்து வந்த ஞாயிறுகள் எல்லாம் அங்கேயே கழிந்தன.

ஒரு ஞாயிறு, நான் போகும்போது என் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கருப்புக் கோட்டு குனிந்து நின்றது. சம்பந்தி! கையில் ஒற்றை மட்டையும் ஒரு பந்தும். ஆட்டத்தில் தோற்ற கோபத்தில் அவருடைய டாக்டர் துரை வீசியெறிந்து முறிந்தது என்று பிறகு தெரிந்தது. இவர் அதன் முறிவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியைச் சுற்றி, கை ஒடிந்தவனுக்கு வைப்பதுபோல் பட்டை வைத்துக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். யாரும் போய்விடவில்லை. தனியாக ஆடி அலுத்துப்போயிருந்தோம் இருவரும். தோற்கடிக்க ஆள் இல்லாமல் என்ன ஆட்டம்?

பேசாமலே ஆடத் தொடங்கினோம். ஆனால் எத்தனை அடி என்று எதிராளிக்குச் சொல்லியாக வேண்டுமே. பக்கத்தில் யாருடையதோ ஒரு கழுதை மேய்ந்துகொண்டிருந்தது. சம்பந்தி அதன் பக்கம் திரும்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கழுதே, நான் ஆறு அடிச்சேன். தெரிஞ்சுக்கோ" என்றார்.

நானும் கழுதையிடமே சொன்னேன்: "அஞ்சுதான் அடிச்சேன். போய்ச் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லு."

இப்படியே பல வாரம் ஓடியது. கழுதைக்கு எங்கள் இருவரின் கணக்கும் அத்துப்படி. சில நாள் அதனிடம் எதிராளியின் ஆட்டத்தைப் பற்றி அபிப்பிராயமும் சொல்லிக்கொள்வோம். "கோட்டைக் கழட்டிட்டு ஆடினா பந்து நேராப் போகும், இல்ல கழுதே?" என்பேன். அவர் கழட்ட மாட்டார்.

பிறகு ஒரு ஞாயிறு கழுதை வரவில்லை. அன்றைக்கென்று ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. சம்பந்தியின் பந்து உருண்டு முள்புதருக்குள் போனது. அவரும் உள்ளே போனார். நான் வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டு எண்ணினேன். சடக், சடக் என்று சத்தம் வந்தது. கடைசியில் பந்து வெளியே வந்தது, பின்னாலேயே முள்ளும் தழையுமாகச் சம்பந்தியும் வந்தார். டப்பாவில் பந்தைத் தள்ளிவிட்டுக் கழுதையைத் தேடினார். இல்லை. ஆகாயத்தைப் பார்த்து, "ஏழு" என்றார்.

"எட்டு!" என்று கத்திவிட்டேன். நேராக அவர் முகத்தைப் பார்த்து.

"இன்னா சொன்னீங்க?"

"எட்டுன்னு சொன்னேன். காதால கேட்டேன்."

"உள்ளாற பாம்பு இருந்துச்சுங்க. அதை ஒதுக்க ஒரு தட்டு தட்டினேன். பாம்பை அடிச்சதெல்லாம் கணக்குல வருமா?"

"எங்க அந்தப் பாம்பு?"

"போயிடுச்சு."

"வாகான பாம்பா இருக்குதே!"

"அப்போ நான் பொய் சொல்றேன்றீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? மட்டை சொல்லுது!"

கத்திக்கொண்டே நடந்தோம். எங்கே போகிறோம் என்றுகூடக் கவனிக்கவில்லை. சாம்பியன் ரீப்ஸில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் வந்துவிட்டன. அவர் வீட்டு வாசலில் என் மகள் உளுந்து அரைத்த கையோடு ஓடி வந்தாள். எங்களைப் பார்த்தவள் உள்ளே திரும்பி, "அத்தே! சீக்கிரம் வாங்க! அப்பாவும் மாமாவும் பேசிக்கிறாங்க!" என்று கூவினாள்.

"பேசறாங்களா, சண்டை போடறாங்களா?" என்றபடி சம்பந்தியம்மா வந்தார்.

"சண்டைதான். ஆனா நேருக்கு நேரா!"

சம்பந்தியம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "உக்காந்து போடுங்க அண்ணா" என்று எனக்கு மணை எடுத்துப் போட்டார். சூடாக வடை வந்தது. இருவரும் தின்றுகொண்டே ஏழா எட்டா என்று அடித்துக்கொண்டோம். ஒரு வடைக்கும் இன்னொரு வடைக்கும் நடுவே அம்மா தீர்ப்புச் சொன்னார்:

"ஏன் இந்தப் பாடு? ஆளுக்குப் பாதியா ஏழரைன்னு வெச்சுக்குங்களேன்."

சம்பந்தியின் கை வாய்க்கருகில் அப்படியே நின்றது. "ஏழரையா? நல்ல நாளும் அதுவுமா என் தலையில சனியை ஏத்தப் பாக்கறியா?" என்றார். வடையைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எட்டுன்னே இருக்கட்டுங்க சம்பந்தி. அந்தப் பாம்பு வேற எங்கேயாவது போயிருக்கும்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் வடை புரையேறியது. என் முதுகில் தட்டியவரும் அவர்தான்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் ஆடினோம், தவறாமல் சண்டையும் போட்டோம். பந்துகள் ஒவ்வொன்றாகப் பிளந்துபோனபோது, வெந்நீரில் போட்டால் இளகும், கையால் உருட்டி மறுபடி பந்தாக்கலாம் என்று டாக்டர் துரை சொன்னதாகச் சம்பந்தி ஒரு செய்தி கொண்டுவந்தார். என் மனைவி கோயிலுக்குப் போயிருந்த சமயமாகப் பார்த்து, அவளுடைய ஈயச் சொம்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுப் பிளந்த பந்துகளைப் போட்டோம். செருப்புக் கருகுவதுபோல் ஒரு நாற்றம் எங்கள் லைன் முழுக்கப் பரவியது. நாங்கள் விரல் சுடச்சுடக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் உருட்டிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள்.

"ரசம் வெக்கிற சொம்புங்க அது!"

"அம்மா, இது மருந்து விஷயம்..." என்று சம்பந்தி கம்பவுண்டர் குரலில் ஆரம்பித்தார். அகப்பை அவள் கையில் ஏறியதைப் பார்த்ததும் மருந்தை அப்படியே விட்டுவிட்டு, தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு என்னை முந்தி ஓடினார்.

அவள் கோபம் தணிந்ததும் போய் எடுத்துப் பார்த்தால், பந்துகள் முழு வட்டமாக வரவில்லை. அடித்தால் ஒரு பக்கமாகவே நொண்டிக்கொண்டு போயின. மடியில் கட்டி எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு அவற்றை வைத்துத்தான் ஆடினோம்.