ஈரத்தோல் வார்

லாரி எங்கள் பக்கம் புதிதாக வந்திருந்த காலம். ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் நான் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். அங்கே ஆயில் என்ஜினை மூடியிருந்த இரும்புத் தகரக் கூண்டை ராணிப்பேட்டைக்கு அனுப்பும்படி முதலாளி சொல்லியிருந்தார். ஒரு சிறிய அறை அளவு இருக்கும். மேஸ்திரியும் எட்டுப் பேரும் உருளைக்கட்டைமேல் தள்ளிவந்து, சரிவாகச் சார்த்திய பலகைகள் வழியே அதை லாரியில் ஏற்றினார்கள்.

எண்ணெய் படிந்த தகரத்தில் கயிறு வழுக்கியது. மேஸ்திரி பச்சைத்தோலை வாராக அறுத்து, நனைத்து, நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினார். ஈரமாக இருக்கும்வரை அது இழுபடும். காய்ந்தால் சுருங்கி இரும்பாக இறுகிவிடும். சாயங்காலம் வரை வெயிலில் நிற்கட்டும் என்றார். மதியத்துக்குள் கூண்டு ராணிப்பேட்டைக்குப் போய்ச்சேர வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அவர் வாய்க்குப் பயந்தவன் நான்.

“தோலு காயற வரைக்கும் ராணிப்பேட்டை காத்துக்கினு இருக்குமா மேஸ்திரி? பயமா இருந்தா நீயே ஏறிப் புடிச்சிக்கினு வா,” என்றேன்.

ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி ஏறிக் கூண்டின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிகொண்டா தாண்டி ஒரு திருப்பத்தில் வார் நெகிழ்ந்தது. கூண்டு சரிந்து, அவருடைய வலது கையைப் பக்கப்பலகையோடு நசுக்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மேஸ்திரிமேல் தப்பு இல்லையென்றால் வாட்ச்மேன் வேலை தருகிறேன் என்றார் முதலாளி. நடந்ததை எழுதி, கைநாட்டு வாங்கி வரச் சொன்னார். மேஸ்திரி கூண்டைச் சரியாகக் கட்டவில்லை என்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“இன்னா எழுதிகீறீங்க ரைட்டரே?”

“நடந்ததத்தான்.”

“நீங்க எழுதனா சரியாத்தான் இருக்கும்,” என்று இடது கட்டைவிரலை நீட்டினார். மையை நான்தான் தடவினேன்.

வேலை கிடைக்கவில்லை. அவர் மனைவி தோல் பதனிடும் ஆவாரம்பட்டையை இடிக்கக் கூலிக்குப் போனாள். கடைத்தெருவில் என்னைக் காணும்போதெல்லாம் மேஸ்திரி, பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்வார்: “ரைட்டர் நல்லபடியாத்தான் எழுதிக் குடுத்தாரு. மொதலாளிதான் கேக்கல.”

நான் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவர் சாகும்வரை, பதினோரு வருஷம், அப்படித்தான் நகர்ந்தேன்.