தண்ணீர் குடிக்காமல் ஸ்கேனுக்குப் போனவள்

எங்காவது வெளியே கிளம்ப வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவேன். கல்யாணமோ, காதுகுத்தோ, ஆஸ்பத்திரியோ, எல்லாவற்றுக்கும் இதே விரதம்தான். மழைநீர் வடிகாலுக்கு வெட்டிய பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து எனக்குச் சக்கர நாற்காலிதான். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. சில மணி நேரத்துக்கு ஒரு தரம் நானே குழாய் விட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் இடமும் ஒரு கதவும் வேண்டும். மந்தைவெளியில் என் வீட்டில் இரண்டும் உண்டு. மற்ற இடத்தில் நான் எங்கே போவேன்?

வருஷத்துக்கு ஒரு தடவை சிறுநீரகத்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் அன்றே படித்துப் படித்துச் சொன்னார்கள். அது கெட்டால் வெளியே ஒன்றும் தெரியாதாம். நானும் நல்ல பிள்ளையாகப் போனேன். ஸ்கேன் எடுக்கிற பெண் கருவியை வயிற்றில் வைத்துத் தேய்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பிளேடர் காலியா இருக்கு ஆன்ட்டி. நிறைய தண்ணி குடிச்சுட்டு வாங்க, அப்பதான் எடுக்க முடியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடித்தால் கழிவறை வேண்டுமே! அங்கே இருந்த கழிவறைக் கதவில் சக்கர நாற்காலிப் படம் ஜம்மென்று ஒட்டியிருந்தது. வாசலில் ஒரு படி. கதவோ என் நாற்காலியைவிட ஒல்லி. அந்தப் படத்தில் இருக்கிற ஆள் மட்டும்தான் உள்ளே போக முடியும். "இன்னொரு நாள் வரேம்மா" என்று கிளம்பிவிட்டேன். அந்த இன்னொரு நாள் வர நாலு வருஷம் ஆயிற்று. பார்க்கிறவர்களெல்லாம் "சதை போட்டிருக்கியே!" என்று வேறு சொன்னார்கள்; உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நானும் நம்பிவிட்டேன்.

தண்ணீர் குடிக்காத பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. இந்த வருஷம் காய்ச்சல் மேல் காய்ச்சல். என் கணவர் பொறுமை இழந்தார்.

"நீ குடிக்கிற தண்ணியில ஒரு குருவிகூடப் பொழைக்காது. கிளம்பு!"

ஆட்டோவில் வழியெல்லாம் என்னைக் குடிக்க வைத்துக்கொண்டே வந்தார். அங்கே கழிவறைக்கு அதே படி, அதே ஒல்லிக் கதவு. ஸ்கேன் அறை வாசலில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் வயிறு முட்டக் குடித்துவிட்டு நெளிந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பிடித்து நின்ற ஒரு பெரியவர், "உங்களுக்கு நல்ல கன்ட்ரோல்மா" என்றார்.

"கன்ட்ரோலாவது ஒண்ணாவது! எனக்கு நிறைஞ்சாத் தெரியாது சார், வழிஞ்சாத்தான் தெரியும்."

மனுஷன் சட்டென்று தள்ளி நின்றுகொண்டார்.

ஸ்கேன் முடிந்ததும் எடுத்த பெண்ணிடம் பட்டென்று கேட்டேன். "இப்ப இந்த யூரினை எங்கம்மா எடுக்கிறது?"

 அவள் என்னை உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய், "மிஷின் ஓடலை, பத்து நிமிஷம் ஆகும்" என்று புளுகினாள். "ஐயோ!" என்று அந்தப் பெரியவர் அலறியது எனக்கு உள்ளே கேட்டது.

படத்தைப் பார்த்த டாக்டர் சிரிக்கவில்லை. இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது.

"முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதேம்மா. ஏன் விட்டீங்க?"

"சௌகரியப்படலை சார்" என்று என் கணவர் இழுத்தார்.

"நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க. அடுத்த மாசம் மறுபடி ஸ்கேன் பார்க்கலாம்."

திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் கேட்டார். "இன்னாக்கா, டாக்டர் இன்னா சொன்னாரு?"

"தண்ணி நிறைய குடிக்கணுமாம்."

"அவ்ளோதானா? நான்கூட இன்னாவோ ஏதோன்னு பயந்துகினு இருந்தேன்!"

ஆழ்வார்பேட்டை சிக்னலில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, கூடவே ஆத்திரமும். ஒரு படி, ஒரு ஒல்லிக் கதவு. அதற்கு ஒரு சிறுநீரகமா?

"அடுத்த மாசம் வீட்டிலேர்ந்தே குடிச்சுக்கிட்டு வருவேன்" என்று என் கணவரிடம் சொன்னேன். "கதவை இடிப்பாங்களோ, கட்டுவாங்களோ, அது அவங்க பாடு. வலது பக்கத்துல ஒண்ணு இன்னும் நல்லா இருக்கு. அதை நான் விடறதா இல்லை."